எழுதுகிறவனின் வாய்

ஒருவர் பேசுவதை அவர் பேசியபடியே எழுதிவிட முடியும் என்றால், அப்படி எழுதுவது அவருக்குச் செய்யும் நியாயமா, அவர்மேல் சொல்லும் தீர்ப்பா? ஒலியியல் குறியீடுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு வருவதில்லை. குறியீடு துல்லியமா, இல்லையா என்பதோடு நின்றுவிடுகிறார்கள். நானும் வெகுகாலம் அங்கேதான் நின்றிருந்தேன். வங்கிக் கவுண்டரில் எனக்கு நேர்ந்த, சரியாகச் சொன்னால் நான் நேர்வித்த, ஒரு சின்னக் காரியம் என்னை அங்கிருந்து நகர்த்தியது. அதைச் சொல்லும் முன் குறியீட்டுக்கு நான் பட்டிருக்கும் கடனைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இது நன்றிகெட்ட கட்டுரையாகிவிடும்.

1

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஆங்கில இலக்கியம் பி.ஏ.வுக்குப் போனவன் நான். கான்வென்ட்டிலிருந்து வந்தவர்களுக்குக் காது இருந்தது. ஒரு சொல் எப்படி ஒலிக்கும் என்பதை அவர்கள் வீட்டிலும் பள்ளியிலும் கேட்டே வளர்ந்திருந்தார்கள். எனக்குக் கண் மட்டும்தான். கடனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலும், ரசீதைக் குறிக்கும் சொல்லிலும் ஒவ்வோர் எழுத்து ஊமையாக உட்கார்ந்திருக்கிறது என்பது கண்ணால் கண்டுபிடிக்கக்கூடிய விஷயம் அல்ல. நான் அந்த இரண்டு ஊமைகளையும் வகுப்பில் பேச வைத்தேன். சிரித்தார்கள்.

பிறகு ஒலியியல் பாடம் வந்தது. ஆங்கிலத்துக்கு 44 ஒலிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. தலைகீழாகத் திருப்பிய 'ஈ', இடையில் கோடு வாங்கிய 'ஓ', காலில் வால் முளைத்த 'என்'. அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில் எறும்புக் கூட்டம்போலக் கிடந்தவை ஒரு மாதத்தில் வாசிக்கக்கூடியவை ஆயின. லண்டனில் ஒரு மனிதர் வாயைத் திறப்பதை, ஒரு தடவைகூடக் கேட்காமலேயே, நான் காகிதத்தில் படித்துவிட முடிந்தது. காது பரம்பரைச் சொத்து. குறியீடு அப்படி அல்ல, யாரும் கற்றுக்கொள்ளலாம். அந்த வகுப்பில் எனக்குக் கிடைத்த ஒரே சமத்துவம் அதுதான்.

இந்தக் குறியீட்டின் பிறப்பிலும் இந்தச் சமத்துவ நோக்கம் இருந்திருக்கிறது. 1886இல் பாரிஸில் பால் பாஸியும் அவரோடு சேர்ந்த மொழியாசிரியர்களும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். எழுத்துக்கூட்டலின் குழப்பத்திலிருந்து மாணவனைக் காப்பாற்றி, அவனை நேராக ஒலிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது அவர்கள் கவலை. பின்னால் சர்வதேச ஒலியியல் சங்கம் என்று பெயர் பெற்றது இதுதான். புதுக் குறி தேவைப்பட்ட இடங்களில், இருக்கிற அச்செழுத்தையே தலைகீழாகப் போட்டுக் கோத்தார்கள். அச்சுக்கோப்பவருக்குப் புது அச்சு வார்க்கும் செலவு மிச்சம். சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இந்தச் சிக்கனத்தை விளக்க வேண்டியதில்லை.

1888இல் அவர்கள் வகுத்த விதிகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, ஒரு மொழிக்குள் எந்த ஒலி மாறினால் சொல்லின் அர்த்தம் மாறுமோ அந்த ஒலிக்குத் தனி எழுத்து வேண்டும். மற்றது, ஒரே ஒலி பல மொழிகளில் வந்தால் எல்லாவற்றிலும் அதற்கு ஒரே குறி வேண்டும். முதல் விதி மொழியின் உள்ளே நின்று பார்க்கிறது. இரண்டாவது விதி எல்லா மொழிகளுக்கும் மேலே நின்று பார்க்கிறது. இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 'கல்', 'பகல்', 'தங்கம்' என்ற மூன்றிலும் நாம் ஒரே ககரத்தை எழுதுகிறோம்; வாயில் பிறப்பது மூன்று ஒலிகள். தமிழ் நெடுங்கணக்கில் எழுத்துகள் போதாது என்று சொல்கிறவர் மேலே நின்று பார்க்கிறார். தமிழ்ச் சொற்களைப் பொறுத்தவரை உள்ளே நின்று பார்க்கிறவருக்கு எதுவும் போதாமல் இல்லை. இடம் தெரிந்த தமிழ் வாய் தானாகவே மாற்றிக்கொள்கிறது.

ஒலியியலாரே இந்த இரண்டு பார்வைகளையும் பிரித்துக் காட்ட இரண்டு வேலிகள் வைத்திருக்கிறார்கள். மொழிக்குள் பொருள் வேறுபடுத்தும் ஒலியை இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவிலும், இந்த வாயிலிருந்து உண்மையில் வந்த ஒலியைச் சதுர அடைப்புக்குள்ளும் எழுதுவார்கள். பரீட்சையில் இதைக் குழப்பியதற்கு எனக்கு மதிப்பெண் குறைத்தார்கள். அது வெறும் அச்சு நியமம் என்றுதான் அப்போது நினைத்தேன். மொழியில் எது கணக்கில் வரும் என்பது ஒரு கேள்வி; இந்த மனிதர் என்ன சொன்னார் என்பது வேறொரு கேள்வி. ஒன்றுக்கான விடையை மற்றதற்கு விடையாகக் கொடுத்தால் அது பிழை மட்டும் அல்ல, அநியாயமாகவும் ஆகக்கூடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

2

டேனியல் ஜோன்ஸின் ஆங்கில உச்சரிப்பு அகராதி 1917இல் வெளிவந்தது. தான் எந்த வாயைப் பதிவு செய்கிறோம் என்பதை அவர் மறைக்கவில்லை. தென் இங்கிலாந்தில், ஆண்கள் பெரிய பள்ளி விடுதிகளில் தங்கிப் படித்த குடும்பங்களின் பேச்சு அது என்று சொன்னார். தாம் சீர்திருத்தவாதி அல்ல, நல்ல உச்சரிப்பு எது கெட்டது எது என்று சொல்லும் நீதிபதியும் அல்ல, இருப்பதைப் பதிவு செய்கிறவர் மட்டுமே என்றும் சொன்னார். அவருடைய நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் முன்னுரையை யார் படிக்கிறார்கள்? சொல்லைத் தேடிப் போகிறவன் சொல்லை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறான். பதிவேடாக எழுதப்பட்டது சட்டமாக வாசிக்கப்பட்டது. ஒரு சிறு கூட்டத்தின் வாய் லாகூரிலும் லாகோஸிலும் மதுரையிலும் பரீட்சை விடைத்தாளில் சரி, தப்பு என்று குறிக்கும் அளவுகோல் ஆயிற்று. எனக்குச் சமத்துவம் தந்தது என்று சொன்னேனே, அது இந்த அளவுகோலுக்கு நான் பணிந்து பெற்ற சமத்துவம். கல்லூரியில் என்னைச் சிரித்தவர்களின் வாயைவிட, யாருமே நேரில் பார்த்திராத ஒரு வாய்க்கு நான் நெருங்கிவிட்டேன் என்ற கர்வம் அதில் இருந்தது.

பெர்னார்ட் ஷா இதை நாடகமாக்கியிருக்கிறார். 'பிக்மேலியன்' 1913இல் வியன்னாவிலும் மறு வருஷம் லண்டனிலும் மேடையேறியது. மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் ஒருவர் பூக்காரப் பெண்ணின் பேச்சை நோட்டில் குறித்துக்கொண்டிருக்கிறார். அவள் பயந்துவிடுகிறாள். தன்னைப் பிடித்துக்கொடுக்க எழுதுகிறார், போலீஸ் ஆள் என்று நினைக்கிறாள். தான் சொன்னதைத்தான் எழுதினாரா என்று பார்க்கக் கேட்கிறாள். காட்டுகிறார். அவளால் அதை வாசிக்க முடியவில்லை. அவளைப் பற்றிய மிகத் துல்லியமான ஆவணம் அவள் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது, ஆனால் அவளுக்கு எட்டாமல் இருக்கிறது. நாடகத்தின் மற்றப் பகுதியை எல்லோரும் பேசுகிறார்கள், சினிமாகூட வந்துவிட்டது. எனக்கு இந்த முதல் காட்சிதான் முக்கியமாகப் படுகிறது. அவளுடைய பயத்தை அறியாமை என்று பார்வையாளர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். அது அறியாமை அல்ல. தன்னை ஒருவன் எழுதும்போது தனக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

3

இனி என் காரியம்.

முதியோர் உதவித்தொகை வாங்க வந்த ஒரு அம்மாள். அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். அவர் பெயரில் ஒரு ழகரம் உண்டு. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை நான் எழுதியதே போதும். பாஸ்புக்கில் அந்த இடத்தில் ஆங்கில 'எல்' இருந்தது. ஆதார் அட்டையில் 'இஸட் ஹெச்' இருந்தது. கணினி இரண்டையும் வேறு வேறு ஆளாக நினைத்தது. திருத்தப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டும்.

"ஏம்மா, உங்க பேருல வர்றது ள-வா, ழ-வா?" என்று கேட்டேன்.

அவர் பெயரைச் சொன்னார். ளகரம்.

"நாக்கை மடிச்சுச் சொல்லுங்கம்மா."

மறுபடி சொன்னார். அதே ளகரம், கொஞ்சம் சத்தமாக. நான் சொல்லிக் காட்டினேன். வகுப்பில் எனக்குக் காட்டப்பட்டதுபோல நாக்கின் நிலையை விளக்கினேன் என்றுகூட நினைக்கிறேன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பரிச்சயமானது. ஆனால் இந்தத் தடவை நான் அதன் மறுபக்கம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க எதை எளுதினாலும் அதுதானய்யா என் பேரு."

ஆதாரில் இருந்தபடியே எழுதினேன். கைநாட்டு வைத்தார். போய்விட்டார்.

நான் கேட்ட கேள்வியில் என்ன தப்பு? மரியாதைக் குறைவு என்று மட்டும் சொன்னால் அது கவுண்டர் நடத்தையைப் பற்றிய பேச்சாகப் போய்விடும். கேள்வியே பொய்யானது. எங்கள் பக்கத்துத் தெற்கத்திப் பேச்சில் பல வாய்களில் ழகரம் ளகரத்தோடு கலந்துவிட்டது. சென்னைப் பேச்சில் அது பல இடங்களில் யகரம் ஆகிறது. இரண்டும் கலந்துவிட்ட ஒருவரிடம் 'இதுவா, அதுவா' என்று கேட்பது அவர் மொழியில் இல்லாத ஒரு வேலியைக் காட்டி எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று கேட்பது. பாஸியின் முதல் விதிப்படி பார்த்தால் அந்த அம்மாளின் தமிழுக்கு ஓர் எழுத்து குறைவு, அவ்வளவே. குறைவு என்பதைக்கூட எழுதப் படித்தவன்தான் சொல்கிறான். அவருக்குப் 'பளமும்' 'பள்ளமும்' குழம்பியதில்லை.

சர்வதேச அட்டவணையில் இரண்டு ஒலிகளுக்கும் இடம் இருக்கிறது. ழகரம், தலைகீழாகத் திருப்பிக் கொக்கி மாட்டிய 'ஆர்'. ளகரம், அடியில் வலப்பக்கம் வளைந்த வாலுள்ள 'எல்'. நாக்கை வளைத்து எழுப்பும் ஒலிகளின் பத்தியில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. ஒன்று 'சிறப்பு', மற்றது கொச்சை என்று அட்டவணை சொல்வதில்லை. அது சொல்வதெல்லாம் நாக்கு எங்கே நின்றது, காற்று எப்படிப் போனது என்பதுதான். அந்த அம்மாளின் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதியிருந்தால் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் வங்கிக் கணினிக்குத் தெரிந்தது 26 எழுத்து. அவற்றில் எதுவும் அவர் வாய் அல்ல. 'எல்' என்று எழுதினால் லகரம் என்று படிப்பார்கள். 'இஸட் ஹெச்' என்று எழுதினால் வடக்கே டி.வி.யில் 'மொழி'யை 'மோஸி' ஆக்குகிறார்களே, அந்த கதிதான்.

26 எழுத்துக்குள் தமிழ் உச்சரிப்பை அடைத்துவிடலாம் என்ற ஆசைக்கு அரசாங்கமும் ஆட்பட்டது. 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வந்தது. வேலூரின் ஏகாரத்துக்கு இரண்டு 'ஈ' போட்டார்கள். ஆங்கில வழக்கில் அதை யாரும் 'வீலூர்' என்றுதான் படிப்பார்கள். கேலி கிளம்பியது. சில நாளில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. நோக்கத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் இல்லை. வெள்ளைக்காரன் காதில் விழுந்ததையே நம் ஊர்ப்பெயராக எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆணை ஒரு கேள்வியைக் கேட்கவில்லை: 'தமிழ் உச்சரிப்பு' என்றால் யாருடைய வாய்? அந்த 1,018 ஊர்களிலும் இருக்கிறவர்கள் தங்கள் ஊர்ப்பெயரை எழுதியிருப்பதுபோலவா சொல்கிறார்கள்? திருநெல்வேலிக்காரன் 'திருநேலி' என்கிறான். அவனும் தமிழன்தான்.

4

கவுண்டரில் ஒரு சிரிப்போடு முடிந்தது. எல்லா இடத்திலும் அப்படி முடிவதில்லை.

பைபிளில் நியாயாதிபதிகள் ஆகமத்தில் யோர்தான் ஆற்றுத் துறையில் காவல் நிற்கிறவர்கள் தப்பி வருகிறவனை ஒரே ஒரு சொல்லைச் சொல்லச் சொல்கிறார்கள். ஷகரத்தில் தொடங்கும் சொல். எப்பிராயீமியரின் வாயில் அது ஸகரமாகத்தான் வரும். அப்படிச் சொன்னவர்களை அங்கேயே கொன்றார்கள். 42,000 பேர் என்கிறது ஆகமம். 1983 ஜூலைக் கலவரத்தில் இலங்கையில் வாளியைக் காட்டி அதன் சிங்களப் பெயரைச் சொல்லச் சொன்னதாகத் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல்லின் முதலில் வரும் ஒலி தமிழ்ச் சொற்களின் முதலில் இயல்பாக வராதது. 1990களிலிருந்து ஐரோப்பாவில், அடைக்கலம் கேட்டு வருகிறவர் எந்த நாட்டவர் என்று தீர்மானிக்க அவர் பேச்சைப் பதிவு செய்து ஆராய்கிறார்கள். நாடுகளின் எல்லையும் மொழிகளின் எல்லையும் ஒன்றல்ல என்று எச்சரித்து, இந்த ஆராய்ச்சி எப்படிச் செய்யப்பட வேண்டும் என்று 2004இல் மொழியியலாளர்கள் சிலர் நெறிமுறைகளே எழுதும்படி ஆயிற்று.

இவற்றை என் கவுண்டரோடு ஒப்பிடுவது மிகை என்று சொல்வார்கள். விளைவில் மிகைதான். அமைப்பு ஒன்றே என்று நினைக்கிறேன். கேட்கிறவன் சொல்ல வேண்டியதில்லை. சொல்கிறவன் மறுக்க முடியாது. வாயிலிருந்து வந்த ஒலியிலிருந்து ஆளின் உள்ளே தாவிவிடுகிறார்கள்: இன்ன பிறப்பு, இன்ன தேசம், இன்ன படிப்பு.

தொல்காப்பியர் பிறப்பியலில் ஒவ்வோர் எழுத்தும் வாயில் எங்கே எப்படிப் பிறக்கிறது என்று சொல்லிக்கொண்டு போகிறார். நாக்கு அண்ணத்தை ஒற்றுகிறதா, வருடுகிறதா என்பதை வைத்தே ஒலிகளைப் பிரிக்கிறார். ரகரமும் ழகரமும் அவருக்கு வருடலில் பிறப்பவை. அந்த இயலின் முடிவில் ஓர் எல்லையும் வகுத்துக்கொள்கிறார். உள்ளே சுழலும் காற்றைப் பற்றிய பேச்சு மறையோர்க்கு உரியது, நான் சொன்னது வெளியே வந்து காதுக்குக் கேட்கிற ஒலியின் அளவை மட்டும்தான் என்கிறார். இலக்கணக்காரனின் அடக்கம் என்று இதை முன்பு கடந்துபோயிருக்கிறேன். இப்போது இதில் ஒரு தார்மீகம் தெரிகிறது. புறத்தே கேட்பதை எழுது, அதிலிருந்து அகத்துக்குத் தாவாதே. ஆற்றுத் துறையில் நின்றவர்கள் செய்தது இந்தத் தாவலைத்தான்.

5

அப்படியானால் குறியீடே வேண்டாமா? அந்த முடிவுக்கு என்னால் வர முடியாது. என்னை வகுப்பில் நிமிர வைத்ததும் அதுதான். தவிர, குறியீட்டை எரித்துவிட்டாலும் காது எரிந்துவிடாது. யோர்தான் கரையில் யார் கையிலும் அட்டவணை இல்லை.

பாஸியின் சங்கம் நடத்திய பத்திரிகையைப் பார்த்தால் வேறொரு வழி தெரிகிறது. சிறுபத்திரிகை என்றே அதைச் சொல்லலாம். 1970 வரை அது முழுக்க ஒலியெழுத்திலேயே அச்சானது. கட்டுரை எழுதியவர்கள் தங்கள் தங்கள் உச்சரிப்பிலேயே எழுதுவது அதில் வழக்கம். ஸ்காட்லாந்துக்காரருடைய கட்டுரையில் ஸ்காட்லாந்து வாய் இருக்கும். அடுத்தவன் வாயை எழுதுகிற கை, அதே பக்கத்தில், அதே குறியில் தன் வாயையும் எழுதியது. ஒருவரையொருவர் வாசிக்க முடிந்தது. நோட்டைப் பார்த்து விழித்த பூக்காரிக்கு இல்லாமல் போனது இதுதான்.

இந்த அளவுகோலை நம் எழுத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம். நாவலில் கூலிக்காரன் 'பளம்' என்கிறான், 'எளவு' என்கிறான். எழுத்தாளர் அப்படியே பதிவு செய்கிறார். யதார்த்தம் என்று நாமும் பாராட்டி மதிப்புரை எழுதுகிறோம், நான் எழுதியிருக்கிறேன். அதே நாவலில் வாத்தியார் 'பழம்' என்கிறார். கதை சொல்லும் குரலும் 'பழம்' என்கிறது. அந்த எழுத்தாளரோடு டீக்கடையில் நின்றிருக்கிறேன். அவர் கேட்டது வாளப்பளம். தன் வாய்க்குச் சாய்கோடு, கூலிக்காரன் வாய்க்குச் சதுர அடைப்பு. கணக்கில் வருவது ஒருவனிடமும், வாயில் வந்தது இன்னொருவனிடமும் எழுதப்படும்போது வட்டார வழக்கு என்பது ஏழைகளுக்கு மட்டும் உள்ள ஒரு நோய்போல ஆகிவிடுகிறது. கி. ராஜநாராயணனிடம் கதை சொல்லும் குரலே கரிசலில் உட்கார்ந்து பேசுகிறது. அவர் எழுத்தில் நாம் உணரும் நாகரிகத்துக்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நம் வட்டத்தில் இன்னொரு விசித்திரமும் உண்டு. ஆல்பெர் காம்யுவின் பெயரில் கடைசி எழுத்தை உச்சரிக்கக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்த நண்பர், தன் தெருவில் இஸ்திரி போடுகிறவரின் பெயரை இருபது வருஷமாகத் தனக்கு வசதியான மாதிரி சுருக்கிக் கூப்பிடுகிறார். பிரெஞ்சுக்காரனுக்குக் காட்டும் சிரத்தையைத் தப்பு என்று சொல்லவில்லை. அந்தச் சிரத்தை செய்யக்கூடிய காரியம்தான் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

அந்த அம்மாள் போன வாரத்தில் என் பேச்சை நானே போனில் பதிவு செய்து, பழைய பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, சதுர அடைப்புக்குள் எழுதிப் பார்த்தேன். கூச்சமான வேலை. மானேஜரிடம் பேசும்போது என் வாயில் ழகரம் இருக்கிறது. இலக்கியக் கூட்டத்தில் தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது. அம்மாவிடம் பேசும்போது ஒன்றுகூட இல்லை. கோபம் வந்தால் எங்கேயும் இல்லை. கவுண்டரில் நான் சொல்லிக் காட்டிய ழகரம் என்னுடையதுதான். ஆனால் இருபது வயசுக்கு மேல் சம்பாதித்தது. சம்பாதித்ததைப் பிறப்புரிமைபோல ஒருவர் முகத்தில் காட்டினேன்.

அடுத்தவர் வாயை எழுதுமுன் எழுதுகிறவன் தன் வாயை எழுதிப் பார்த்திருக்க வேண்டும் என்பதற்கு மேல் எனக்கு விதி எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பயிற்சி அவனை நல்லவனாக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். கேள்வி கேட்குமுன் கொஞ்சம் தயங்க வைக்கும்.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாள் மறுபடி வந்தார். பணத்தை எடுத்து வைத்துவிட்டுப் பெயரைக் கூப்பிட வேண்டியிருந்தது. என் ழகரத்தில் கூப்பிட்டால் பழைய பாடம் தொடரும். அவருடைய ளகரத்தில் கூப்பிட்டால் நடிப்பாகிவிடுமோ என்று பட்டது. அது என் அம்மாவின் ளகரமும்தான் என்று நினைவு வரச் சற்று நேரம் ஆயிற்று. கூப்பிட்டேன். அவர் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. நோட்டுகளை இரண்டு தடவை எண்ணி, முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.